ரத்தம் ஏற்றும் நிலை வராமல் காப்பது: தாவர உணவும் மூலிகையும் எதுவரை உதவும்

ரத்தச் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் உழைத்துவிட்டு அழிகிறது. அழிந்தவற்றுக்கு ஈடாக எலும்பு மஜ்ஜை நாள்தோறும் புதிய அணுக்களை உண்டாக்குகிறது. அந்த வேலைக்கு இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12, புரதம் ஆகியவை வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், உண்டாகும் வேகத்தைவிட ரத்தம் கசியும் வேகம் கூடினாலும் ரத்தசோகை வருகிறது. இரும்புக் குறைவால் வரும் ரத்தசோகையே மிகப் பரவலானது. காலத்தில் கண்டுபிடித்தால் அதில் பெரும்பகுதியை ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏற்றாமல் சரிசெய்துவிடலாம். தாவர உணவுக்கும் மூலிகைக்கும் அதில் உறுதியான இடம் உண்டு. அந்த இடத்துக்கு எல்லையும் உண்டு. இரண்டையும் அறிந்தவர்கள் கீரையை நம்பி மாத்திரையை விடுவதில்லை, மாத்திரையை நம்பிக் கீரையையும் விடுவதில்லை.

ரத்தம் குறைவது ஏன்

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. நல்ல மருத்துவ வசதியுள்ள மாநிலத்திலேயே இந்த நிலை.

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில் உள்ள ஜெயமங்கலம் போன்ற ஊரில் இதன் காரணங்களைக் கண்ணெதிரே பார்க்கலாம். நெல்லும் வாழையும் கரும்பும் தென்னையும் விளையும் பாசன ஊர் அது. அங்கே வயல் வேலைக்குப் போகும் பெண்ணின் தட்டில் மூன்று வேளையும் பெரும்பகுதி அரிசிதான். தீட்டிய அரிசி 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. மதியக் கஞ்சியைக் குடித்த கையோடு தூக்குவாளியில் வந்த டீயை வரப்பில் உட்கார்ந்து குடிப்பது வழக்கம். அந்த டீ, சாப்பாட்டில் இருந்த கொஞ்ச இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு தோல் வழியாக உள்ளே போகும். அது குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் ரத்தத்தை உறிஞ்சும். இவற்றோடு மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், மூலம், வயிற்றுப்புண், வலி மாத்திரைகளால் ஏற்படும் குடல் கசிவு ஆகியவையும் சேர்கின்றன.

ஆகவே ரத்தம் குறைவாக இருக்கிறது என்று தெரிந்தால், எதைச் சாப்பிடுவது என்று கேட்பதோடு ரத்தம் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு வந்தால் குடலில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அந்த வயதில் புற்றுநோயின் முதல் அறிகுறியாக ரத்தசோகை வருவதுண்டு.

அளவுகளைத் தெரிந்துகொள்வது

உலகச் சுகாதார அமைப்பின் அளவுகோலில், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் (நடு மூன்று மாதத்தில் 10.5 கிராமுக்கும்) குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 7க்குக் கீழும் மற்றப் பெரியவர்களுக்கு 8க்குக் கீழும் இறங்கினால் அது கடுமையான ரத்தசோகை.

கண் இமையின் உட்புறமும் உள்ளங்கை ரேகையும் வெளிறுவது, படி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, நகம் கரண்டிபோல் குழிவது, மண்ணோ சாம்பலோ பச்சரிசியோ தின்னத் தோன்றுவது ஆகியவை அறிகுறிகள். ஆனால் மெல்ல மெல்லக் குறையும்போது உடல் பழகிக்கொள்வதால், 8 கிராம் ஹீமோகுளோபினோடு களையெடுக்கப் போகிறவர்களும் உண்டு. பார்வையை மட்டும் நம்பாமல் பரிசோதிப்பதே சரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினை இலவசமாகப் பார்ப்பார்கள். காரணம் தெளிவாகாதபோது ஃபெரிட்டின் சோதனை உதவும். அது உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும்; ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே இது குறைந்துவிடும்.

இரும்புக் கணக்கு

இந்த அத்தியாயத்தின் மையம் ஒரு எளிய கணக்கு. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் ஹீமோகுளோபினை 1 கிராம் உயர்த்த ஏறத்தாழ 120 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் சேர வேண்டும். 8லிருந்து 12க்குக் கொண்டுவர 480 மில்லிகிராம் வேண்டும். காலியான கையிருப்பை நிரப்ப இன்னும் 500 மில்லிகிராம் வேண்டும்.

100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் இரும்பு. தாவர இரும்பில் உடல் எடுத்துக்கொள்வது பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்குள்தான். அதாவது ஒரு நாள் கீரையிலிருந்து அரை மில்லிகிராம்கூடச் சேராது. வேறு எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கீரை ஒன்றாலேயே 480 மில்லிகிராம் சேர்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கோ சராசரியாக நாள் ஒன்றுக்கு 1.5 மில்லிகிராம் அளவில் இரும்பு வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

60 மில்லிகிராம் இரும்பு உள்ள ஒரு சத்து மாத்திரையில் 6 மில்லிகிராம் சேர்ந்தால்கூட, அதே 480 மில்லிகிராமை மூன்று மாதத்துக்குள் ஈடுகட்டிவிடலாம்.

ஜெயமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள வைகை அணையை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஊற்று நீர் அணையின் மட்டம் இறங்காமல் காக்கும். வற்றிய அணை நிரம்ப வெள்ளம் வர வேண்டும். கீரையும் சிறுதானியமும் ஊற்று. மாத்திரையும் ஊசியும் வெள்ளம். ஆரோக்கியமாக இருப்பவர் அப்படியே இருக்கவும், மாத்திரையால் தேறியவர் மறுபடி சரியாமல் இருக்கவும் தாவர உணவே அடிப்படை. லேசான குறைவில் மாத்திரைக்கு அது நல்ல துணை. 9, 8 என்று இறங்கிய பிறகு அதை மட்டும் நம்பிக் காத்திருப்பதுதான் பலரை ரத்தம் ஏற்றும் கட்டிலுக்குக் கொண்டுபோகிறது.

ஊரில் கிடைப்பவற்றின் பலம்

*முருங்கை.* தேனி மாவட்டத்துக்கும் முருங்கைக்கும் தனி உறவு உண்டு. விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கையான பி.கே.எம்.1 ரகம், ஜெயமங்கலத்துக்கு அருகிலுள்ள பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாகி 1989ல் வெளியானது. பி.கே.எம். என்ற எழுத்துகளே பெரியகுளத்தைக் குறிப்பவை. இரும்போடு ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ, புரதம் ஆகியவையும் முருங்கைக்கீரையில் நிறைய உண்டு. வாரத்தில் மூன்று நாள் இரண்டு கைப்பிடி கீரை என்பது எந்த வீட்டுக்கும் எட்டும் அளவு.

*கரிசலாங்கண்ணி.* வாய்க்கால் ஓரத்திலும் வயல் வரப்பிலும் தானே முளைப்பது. வெள்ளைப்பூ, மஞ்சள்பூ என இருவகை. வள்ளலார் போற்றிய கீரை. சித்த மருத்துவத்தில் பாண்டு எனப்படும் ரத்தசோகை, காமாலை ஆகிய நோய்களுக்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. வாரம் ஓரிரு முறை பருப்போடு கடைந்து சாப்பிடுவது நல்லது. ஆனால் இந்தக் கீரை மட்டுமே ஹீமோகுளோபினை உயர்த்தும் என்று உறுதி சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இல்லை. சாக்கடை ஓரத்திலோ பூச்சிமருந்து அடித்த வயலிலோ பறித்ததைச் சேர்க்கவே கூடாது.

*தானியம், பயறு, எள்.* பலர் மறந்துபோன இரும்பு இங்கேதான் இருக்கிறது. 100 கிராமில் கருப்பு எள்ளில் ஏறத்தாழ 14 மில்லிகிராமும், கொள்ளில் 8க்கு மேலும், கம்பில் 6க்கு மேலும், கேழ்வரகில் 4க்கு மேலும் இரும்பு உண்டு. ஒரு வேளை அரிசிச் சோற்றுக்குப் பதில் கம்பங்கூழோ கேப்பைக் களியோ வந்தாலே அந்த வேளையின் இரும்பு பல மடங்கு கூடும். ரேஷன் கடையில் செறிவூட்டிய அரிசி கிடைக்கும்போது, நிறம் மாறித் தெரியும் மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியக் கூடாது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்த்துச் செய்த மணிகள் அவை.

*நெல்லி, கொய்யா, எலுமிச்சை.* இவற்றில் இரும்பு மிகக் குறைவு. ஆனால் இவற்றின் வைட்டமின் சி தாவர இரும்பை உடல் எடுத்துக்கொள்ளும் வடிவுக்கு மாற்றுகிறது. ஒரு பெரிய நெல்லிக்காயோ அரைக் கொய்யாவோ சாப்பாட்டோடு சேர்ந்தால், தட்டிலுள்ள இரும்பிலிருந்து உடலில் சேரும் பங்கு இரண்டு மூன்று மடங்காகும். இரும்பு மிகுந்த ஒரு உணவைத் தேடுவதைவிட, இருக்கும் இரும்பைச் சேரவைக்கும் ஒரு காயைத் தட்டில் வைப்பது மலிவான வழி.

*பீட்ரூட், மாதுளை, பேரீச்சை, பன்னீர் திராட்சை.* பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பே உண்டு. மாதுளையில் அதைவிடக் குறைவு. பீட்ரூட்டின் சிவப்பு வேறு ஒரு நிறமியால் வருவது. ரத்தத்தின் சிவப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேரீச்சையும் கம்பத்துப் பன்னீர் திராட்சையும் நல்ல பழங்களே, ஆனால் ரத்தசோகைக்கு மருந்தாகா. நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் கொஞ்சம் இரும்பு இருந்தாலும், அதற்காக அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் சர்க்கரை நோயாளிக்குக் கேடு.

*அருகம்புல், கோதுமைப்புல்.* பச்சையத்தின் வடிவம் ஹீமோகுளோபினை ஒத்தது என்பதால் இவை ரத்தமாக மாறும் என்று சொல்வதுண்டு. பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம். ரத்தத்தில் இருப்பது இரும்பு. உடல் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதில்லை. கழுவாத புல்லைப் பச்சையாக அரைத்துக் குடிப்பதால் புழு முட்டை உள்ளே போகும் ஆபத்தும் உண்டு.

சேரும்படி சாப்பிடும் முறை

1. டீ, காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளி வைக்க வேண்டும். மலைச்சரிவில் தேயிலையும் காப்பியும் விளையும் மாவட்டத்தில் டீயை விடச் சொல்வது நடக்காது. நேரத்தை மாற்றச் சொல்வது நடக்கும்.

2. கம்பு, கேழ்வரகு, பயறு ஆகியவற்றை ஊறவைத்து, முளைகட்டி அல்லது புளிக்கவைத்துச் சமைக்க வேண்டும். இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதனால் குறைகிறது. ராத்திரி கரைத்து வைத்துக் காலையில் காய்ச்சும் கூழின் அருமை இதுதான்.

3. கீரையைச் சிறு நேரம் மட்டும் வேகவைத்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பிலேயே பிழிந்தால் சூட்டில் வைட்டமின் சி கெடும்.

4. இரும்புச் சட்டியில் புளிக்குழம்போ கீரையோ வைத்தால் சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பு உணவில் இறங்கும். சமைத்ததை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும்.

5. பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்பைத் தடுக்கும். இவற்றைக் கீரைச் சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது.

6. சைவம் கட்டாயமில்லாத வீட்டில் வாரம் ஓரிரு நாள் மீனோ ஈரலோ சேர்ப்பது பெரும் உதவி. அந்த இரும்பு எளிதில் சேரும். கூட இருக்கும் கீரையின் இரும்பையும் சேரவைக்கும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிகுதி.

வயல் வேலைக்குப் போகும் பெண்ணின் ஒரு நாளை இப்படி அமைக்கலாம். காலையில் கம்பங்கூழும் ஒரு நெல்லிக்காயும். பதினோரு மணிக்கு டீ. ஒரு மணிக்குச் சோறு, கொள்ளு ரசம், எலுமிச்சை பிழிந்த முருங்கைக்கீரைப் பொரியல். நாலு மணிக்கு டீயும் சுண்டலும். மதியச் சாப்பாட்டின் இரும்பு அதற்குள் சேர்ந்திருக்கும். இரவில் இட்லியும், எள்ளும் முருங்கைப் பொடியும் கலந்த இட்லிப் பொடியும், பிறகு அரைக் கொய்யாவும்.

வீட்டிலேயே முருங்கைப் பொடி

மழைக்காலத்தில் கீரை கிடைக்காத நாளுக்கும், கீரையைத் தொடாத பிள்ளைகளுக்கும் பொடி உதவும். பூச்சிமருந்து படாத மரத்தில் பழுப்பும் புள்ளியும் இல்லாத இலைகளை அதிகாலையில் பறிக்க வேண்டும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்புப் போட்டுச் சில நிமிடம் வைத்து எடுக்கலாம். காம்பு நீக்கி, காற்றோட்டமான அறையில் வெள்ளைத் துணி விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் நேராகப் பட்டால் வைட்டமின் ஏ போய்விடும். நாளுக்கு இருமுறை புரட்டிவிட வேண்டும். கையில் எடுத்து நசுக்கினால் சலசலவென்று நொறுங்கும் பதம் வந்ததும் அரைத்துச் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து இருட்டில் வைக்கலாம். பச்சை நிறம் பழுப்பானாலோ பூசண வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டும்.

பெரியவர்களுக்கு நாளுக்கு ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி போதும். இட்லிப் பொடி, பருப்பு, ரசம், அடை மாவு எதிலும் கலக்கலாம். சமையல் முடியும்போது சேர்ப்பது நல்லது. முருங்கைக்கீரையும் பொடியும் உணவளவில் கர்ப்பிணிகளுக்கு ஏற்றவை. முருங்கையின் வேர், பட்டை ஆகியவற்றை அவர்கள் தொடக் கூடாது. அவை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியவை.

சித்த மருந்துகள்

தமிழ்நாட்டில் 2015ல் தொடங்கிய அம்மா மகப்பேறு சஞ்சீவி திட்டம், கர்ப்பிணிகளுக்குச் சித்த மருந்துகள் அடங்கிய பெட்டகத்தைக் கொண்டுவந்தது. மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் இளகம், கறிவேப்பிலைப் பொடி, அன்னபேதி மாத்திரை ஆகியவை அதில் இருந்தன. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து வளரிளம் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024ல் கவனம் பெற்றது. அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகிய நான்கையும் 2,648 பெண்கள் சாப்பிடத் தொடங்கி, 2,300 பேர் 45 நாள் முடித்தனர். ஹீமோகுளோபினும் சிவப்பணுவின் அளவும் கூடின என்று அந்த ஆய்வு தெரிவித்தது.

இந்தச் சேர்க்கையில் அன்னபேதி என்பது மூலிகையன்று. இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட். அரசு தரும் சிவப்பு மாத்திரையில் இருப்பதும் இதே உப்புத்தான். சித்த மருத்துவர்கள் அதைச் சுத்தி செய்து, எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் புடமிட்டுச் செந்தூரமாக்குகிறார்கள். இரும்பைத் தருவது அந்த உப்பு. சேரத் துணை செய்வது நெல்லியும் மாதுளையும். இலை மட்டும் போதாது, இரும்பு தனியாக வேண்டும் என்பதைப் பழைய வைத்தியர்களும் அறிந்தே இருந்தார்கள்.

செந்தூரம், பற்பம் எதையும் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். பெயர் தெரியாத ஆள் சந்தையில் விற்கும் பொடியில் ஈயம் கலந்திருந்தால், ஈயமே ரத்தசோகையை உண்டாக்கும். டாம்ப்கால், இம்ப்காப்ஸ் போன்ற அறியப்பட்ட நிறுவனங்களின் மருந்துகளிலும் உரிம எண்ணையும் காலாவதித் தேதியையும் பார்த்தே வாங்க வேண்டும். அரசு சத்து மாத்திரை சாப்பிடுபவர் செந்தூரமும் சாப்பிட்டால் இரும்பு இரட்டிப்பாகும். இரண்டு மருத்துவரிடமும் இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

கடைப் பொடி, கேப்சூல், டானிக்

ரத்தம் ஊறவைக்கும் என்று விற்கும் எதையும் வாங்குமுன் சீட்டில் ஒன்றைத் தேட வேண்டும்: ஒரு வேளை அளவில் எத்தனை மில்லிகிராம் தனி இரும்பு? அந்த எண் இல்லாவிட்டால் அது சிகிச்சைக்கு உதவாது. 500 மில்லிகிராம் முருங்கைக் கேப்சூலை எடுத்துக்கொள்ளலாம். காய்ந்த இலையின் 100 கிராமில் 25 மில்லிகிராம் இரும்பு இருப்பதாக வைத்தால், ஒரு கேப்சூலில் வருவது 0.125 மில்லிகிராம். வயதுவந்த பெண்ணின் ஒரு நாள் உணவில் இருக்க வேண்டியது 29 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதே காசுக்கு ஒரு மாதத்துக்கான கீரையும் எள்ளும் கொள்ளும் வாங்கலாம்.

மாத்திரையும் ஊசியும்

2018ல் தொடங்கிய ரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தில், கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள சிவப்பு மாத்திரை 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் உண்டு. 10 முதல் 19 வயது வரையுள்ள வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு மருத்துவர் நாளுக்கு இரண்டாகத் தருவார்.

வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். வயிறு எரிந்தாலோ குமட்டினாலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம். கர்ப்பிணி அல்லாதவர் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மலம் கருப்பாகப் போவது இரும்பால். பயந்து நிறுத்த வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடப்படவில்லை, அல்லது கசிவு நிற்கவில்லை, அல்லது குறைவு இரும்பால் வந்ததில்லை. அளவு சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். மாத்திரைகளைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டவே விடக் கூடாது. சிலவற்றை மிட்டாய் என்று விழுங்கினாலும் உயிர் போகலாம். பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் அரசு முகாமில் கிடைக்கும். வயலில் செருப்பும் வீட்டில் கழிவறையும் அதற்குத் துணை.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கும், நாள் குறைவாக உள்ளவருக்கும் இரும்பு சுக்ரோஸ் அல்லது ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். கர்ப்பத்தின் ஆறேழு மாதத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம் இருக்கும் பெண்ணைப் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றும் நிலைக்கு விடாமல் தடுப்பதில் இதன் பங்கு மிகப் பெரியது.

அறுவைக்கும் பிரசவத்துக்கும் முன்

உலகச் சுகாதாரப் பேரவை 2010ல் எடுத்த தீர்மானத்தில், நோயாளியின் சொந்த ரத்தத்தைக் காப்பதை வலியுறுத்தியது. மத நம்பிக்கையால் ரத்தம் ஏற்க மறுப்பவர்களுக்கும், அரிய ரத்த வகையினருக்கும் மட்டுமன்றி எல்லோருக்கும் இது பயன்படும். கருப்பைக் கட்டி, மூட்டு, குடலிறக்கம் போன்ற தேதி குறித்துச் செய்யும் அறுவைக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே ஹீமோகுளோபினைப் பார்த்து, குறைந்திருந்தால் அதை உயர்த்திக்கொள்ள வேண்டும். மாதவிடாயில் பெரும்போக்கு உள்ள பெண்ணுக்கு ரத்தப்போக்கை மட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம் போன்ற மருந்துகள் உண்டு. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் குழந்தையின் இரும்புக் கையிருப்பு கூடும்.

பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் கேப்சூல்கள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. சமையலளவு பரவாயில்லை, கேப்சூலாகச் சாப்பிடுபவர் அறுவைக்கு இரண்டு வாரம் முன் மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். இதய வால்வுக்காக வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுபவர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தை மாற்றும்.

தாவரத்தால் ஆகாதவை

பி12 எந்தக் கீரையிலும் பயன்படும் வடிவில் இல்லை. சுருள்பாசியில் இருப்பதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் உடலுக்கு உதவாத போலி வடிவம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவையே வழி. முழுச் சைவருக்கும், நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கும் மாத்திரையோ ஊசியோ தேவைப்படலாம். கை கால் மரத்துப்போவது இதன் அடையாளம்.

தலசீமியா பிறவி நோய். அதன் கடும் வகைக்கு ரத்தம் ஏற்றுவதே உயிர். கூடவே உடலில் இரும்பு மிகுந்துபோகும் என்பதால் இரும்பு மாத்திரை கேடு செய்யும். கோதுமைப்புல் சாறு ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கும் என்று 2004ல் சண்டிகரிலிருந்து வந்த சிறு ஆய்வை, 2009ல் வெளிவந்த ஆய்வு உறுதிசெய்யவில்லை.

டெங்குவில் தட்டணுக்கள் குறையும்போது பப்பாளி இலைச் சாறு கொடுப்பதுண்டு. எண்ணிக்கை சற்று விரைவாக ஏறுவதாகச் சில ஆய்வுகள் காட்டினாலும், உயிரிழப்பைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. டெங்குவில் ஆபத்து, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதில்தான். வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுவது, ரத்தக் கசிவு ஆகியவை தெரிந்தால் சாறு பிழியும் நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

ரத்தம் ஏற்றியே ஆக வேண்டிய நேரம்

நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் மட்டுமே ரத்தம் ஏற்றுவது பற்றி யோசிப்பது இன்றைய நடைமுறை. இதய நோயாளிக்கு 8. அதற்கு மேல் இருப்பவர், பலம் வரும் என்று ரத்தம் ஏற்றச் சொல்லி வற்புறுத்தத் தேவையில்லை. ஆனால் கீழ்க்கண்ட நிலைகளில் மருத்துவமனைக்குப் போக ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது:

- பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கு, விபத்தில் பெரும் ரத்த இழப்பு, ரத்த வாந்தி, இரும்பு மாத்திரை சாப்பிடாதபோதே மலம் தார்போல் கருப்பது.
- உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம்.
- கர்ப்பிணிக்கு எந்த மாதமானாலும் 5க்குக் கீழ்; கடைசி மூன்று மாதத்தில் 7க்குக் கீழ்.

108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பெரியகுளத்திலுள்ள அரசு தலைமை மருத்துவமனையும் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஜெயமங்கலத்திலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஏற்றிய ரத்தமும் சில வாரங்களில் தேய்ந்துவிடும். எனவே வீடு திரும்பும் முன் ரத்தம் குறைந்த காரணம் என்ன, அதற்கு என்ன சிகிச்சை, மாத்திரை எத்தனை மாதம், அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்ற நான்கையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.